ஓடுறப்ப கெடுறதை விட சும்மா கிடக்குறப்ப கெடுறதுதான் ஜாஸ்தி

வணக்கம் நேயர்களே.

நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ரோபாடிக்ஸ் லேப்பைப் பார்த்துக்கறேன், பசங்க ப்ராஜெக்ட்டுக்குப் பண்ற ரோபோ, காலேஜ் வாங்கி வெச்சிருக்கற ரோபோ எல்லாத்தையும் ஓடுற நிலைமையில வெச்சிருக்கறதுதான் என் வேலை. ரேடியோவுல வந்து ரோபோ பத்திப் பேசுங்கன்னு கேட்டாங்க. ரோபோ செய்யறது எப்படின்னு சொல்லிக் குடுக்க யூட்யூப்ல நிறைய பேர் இருக்காங்க, செஞ்சு முடிச்சு கைதட்டு வாங்கினதுக்கு அப்புறம் அதை எப்படிப் பார்த்துக்கறதுன்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி, அதனால நான் அதை மட்டும் பேசறேனேன்னு கேட்டேன், தாராளமா பேசுங்கன்னாங்க.

நான் சொல்லப்போறது பறக்குற ட்ரோன் பத்தி கிடையாது, தரையில சக்கரத்துல ஓடுற, பேட்டரி போட்ட வண்டி பத்தி. ஸ்கூல் பசங்க கறுப்பு டேப் ஒட்டி ஓட்டுற லைன் ஃபாலோயர், லேப்ல ரூமைச் சுத்தி வந்து மேப் போடுற டர்டில்பாட், இப்ப நிறைய வீட்டுல தரையைக் கூட்டுற வேக்யூம் ரோபோ, எல்லாம் இந்த வகைதான். ஒரு பேட்டரி, ரெண்டு மோட்டார், ரெண்டு சக்கரம், முட்டுக் குடுக்க ஒரு குட்டி காஸ்டர், கொஞ்சம் சென்சார், ஒரு போர்டு, சின்னதோ பெருசோ உள்ள இருக்கறது இதுதான்.

இத்தனை வருஷம் பார்த்ததுல எனக்கு ஒரு விஷயம் உறுதியா தெரியும். ஓடி ஓடிக் கெட்டுப்போன ரோபோ ரொம்பக் கம்மி, சும்மா கிடந்து கெட்டுப்போனதுதான் ஜாஸ்தி. ஏப்ரல்ல ப்ராஜெக்ட் வைவா முடியும், பசங்க ரோபோவை அப்படியே தூக்கி பீரோவுல வெச்சு சாத்திட்டு ஊருக்குப் போயிடுவாங்க, மே மாசம் முழுக்க அந்த இரும்பு பீரோ கொதிக்கும், ஜூலைல வந்து திறந்தா "சார், ஆனே ஆகல சார்"னு வந்து நிப்பாங்க. அது ஆகாது. ரெண்டு மாசமா உள்ளேயே பேட்டரி செத்துக்கிட்டு இருந்திருக்கு, யாரும் பார்க்கல.

ஏன் செத்துச்சுன்னு பாருங்க. பசங்க ரோபோவுல ஜாஸ்தி வர்றது லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல் 3.7 வோல்ட்னு எழுதியிருக்கும், முழு சார்ஜ்ல 4.2 வரும். மூணு செல் வரிசையா கோத்த பேக்னா மேல 11.1ன்னு போட்டிருக்கும், முழுசா ஏத்தினா 12.6. கீழ எவ்ளோ இறங்கலாம்னா ஒரு செல் 3 வோல்ட்டைத் தாண்டி இறங்கவே கூடாது, எங்க லேப்ல 3.5 வந்தாலே ரோபோவை நிறுத்தணும்னு வெச்சிருக்கோம். இப்ப கணக்குப் போடுங்க, ரோபோ நிக்குது, மோட்டார் ஓடல, ஆனா பேட்டரி கனெக்டரைக் கழட்டாம விட்டுட்டாங்க, உள்ள ஒரு வோல்டேஜ் கன்வர்ட்டர் போர்டு, வோல்ட் காட்டுற ஒரு குட்டி டிஸ்ப்ளே, ஒரு எல்ஈடி, எல்லாம் சேர்ந்து வெறும் 20 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்குங்க, ஒண்ணுமே இல்லாத அளவுதான். 2200 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரியை 20ஆல வகுத்தா 110 மணி நேரம், நாலரை நாள். முழு சார்ஜோட வெச்சதே அஞ்சாம் நாள் காலி, அதுக்கு அப்புறமும் அந்த எல்ஈடி உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும், பேட்டரி 3க்குக் கீழ, 2க்குக் கீழன்னு போயிட்டே இருக்கும்.

அந்த அளவுக்கு இறங்கின லித்தியம் செல்லுக்குள்ள நடக்கறது திரும்பாத சேதம். நெகட்டிவ் பக்கம் இருக்கற செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும், மறுபடி சார்ஜ் போடறப்ப அந்தச் செப்பு கண்ட இடத்துல போய்ப் படியும், உள்ளேயே ஷார்ட் ஆக வழி பண்ணிடும். அதனாலதான் ரொம்ப இறங்கின லிப்போவை "கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா உயிர் வந்துடும்"னு வீடியோ பார்த்து முயற்சி பண்ணாதீங்கன்னு பசங்ககிட்ட கெஞ்சிக் கேட்டுப்பேன். உயிர் வந்த மாதிரி இருக்கும், அடுத்த சார்ஜ்லயோ அதுக்கு அடுத்த சார்ஜ்லயோ புகை வரும்.

சரி அப்போ முழு சார்ஜ் ஏத்தி, கனெக்டரைக் கழட்டி வெச்சா பத்திரமான்னா, அதுவும் கிடையாது. லித்தியம் பேட்டரி நெறஞ்ச வயித்தோட சூட்டுல கிடந்தா சீக்கிரம் வயசாகும். பேட்டரிக்காரங்க குடுக்கற பொதுவான கணக்கு ஒண்ணு இருக்கு, 25 டிகிரில 40 சதவீத சார்ஜோட ஒரு வருஷம் வெச்சா சுமார் 96 சதவீத கொள்ளளவு மிஞ்சும், அதே பேட்டரி 40 டிகிரில முழு சார்ஜோட ஒரு வருஷம் கிடந்தா 65தான் மிஞ்சும். நம்ம ஊர் மே மாசத்து பீரோவுக்குள்ள 40 டிகிரிங்கறது சாதாரணம். ரோபோ ஒரு அடி கூட நகரல, மூணுல ஒரு பங்கு பேட்டரி போச்சு. அதனால லிப்போவைத் தூங்க வைக்கிறப்ப பாதிக்குக் கிட்ட வெச்சுத் தூங்க வைக்கணும், செல்லுக்கு 3.8லேர்ந்து 3.85 வோல்ட், மூணு செல் பேக்னா 11.4, 11.5. ஐமேக்ஸ் பி6 மாதிரி சார்ஜர்ல இதுக்குன்னே ஸ்டோரேஜ்னு ஒரு மோடு இருக்கு, அதுல போட்டா கூட இருந்தா இறக்கி, கம்மியா இருந்தா ஏத்தி, அதுவே அந்த அளவுல நிறுத்திடும். லீவு விடறதுக்கு முன்னாடி எல்லா பேக்கையும் அதுல போட்டு, ரோபோவுலேர்ந்து தனியா கழட்டி, கனெக்டர் முனை ஒண்ணோட ஒண்ணு தொடாம மூடி போட்டு, வெயில் படாத ரூம்ல ஒரு தகர டப்பாவுல வைங்க, மாசம் ஒரு தடவை மல்டிமீட்டர்ல பாருங்க. அவ்ளோதான் வேலை.

இதுல ஒரு குழப்பம் இருக்கு, நிறைய பேர் மாட்டிக்கற இடம் அதுதான். பெரிய ரோபோக்கள்ல, காலேஜ்கள்ல ரொம்ப வருஷமா இருக்கற பயனியர் மாதிரி ரோபோக்கள்ல, 12 வோல்ட் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி இருக்கும், யூபிஎஸ்ல வர்ற அதே வகை. அதுக்கு இந்தச் சட்டம் அப்படியே தலைகீழ். லெட் ஆசிட்டைப் பாதி சார்ஜ்ல வெச்சா தகட்டு மேல சல்ஃபேட் கெட்டியாப் படிஞ்சு போயிடும், அப்புறம் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் நிக்காது. அதை எப்பவும் முழுசா ஏத்திதான் வெக்கணும். லோடு இல்லாம ஓய்வா இருக்கறப்ப 12.7, 12.8 காட்டினா நிறைஞ்சிருக்கு, 12 காட்டினா கிட்டத்தட்ட காலின்னு அர்த்தம், பார்க்க 12 வோல்ட் பேட்டரி 12 காட்டுது சரியாத்தானே இருக்குன்னு தோணும், அங்கதான் ஏமாறுவோம். அதனால லேப்ல ஒவ்வொரு பேட்டரி மேலயும் மார்க்கர்ல கொட்டை எழுத்துல எழுதி வெக்கிறேன், "பாதில தூங்கும்", "நிறைஞ்சு தூங்கும்"னு. புதுசா வர்ற பசங்களுக்கு வேற எதுவும் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல.

தூங்க வைக்கிறதுங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு சந்திரயான் 3ல எல்லாரும் பார்த்தோம். 2023 ஆகஸ்ட் 23ல இறங்குச்சு, நம்ம விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல்தான் திட்ட இயக்குநர், பிரக்யான் ரோவர் 26 கிலோ, ஆறு சக்கரம், அதுவும் பேட்டரி வண்டிதான், மேல சோலார் பேனல் இருக்கும். நிலாவுல ராத்திரி வந்தா ரெண்டு வாரம் இருட்டு, கொடூரமான குளிர். செப்டம்பர் 2ஆம் தேதி அதைத் தூங்க வெச்சாங்க, எப்படித் தூங்க வெச்சாங்க பாருங்க, அது நம்ம பீரோ மாதிரி இல்ல, அந்த இருட்டைத் தாண்டணும்னு பேட்டரியை முழுசா ஏத்தி, செப்டம்பர் 22ல மறுபடி வெயில் வர்றப்ப பேனல் மேல நேரா விழற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்தி, மத்த கருவியை எல்லாம் அணைச்சு, ரிசீவரை மட்டும் ஆன்ல விட்டு. அது எழுந்திரிக்கல. அதை ஒரு பகலுக்குத்தான் வடிவமைச்சாங்க, அந்த வேலையை அது முடிச்சிடுச்சு. ஆனா அணைக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதை ஒண்ணு விடாம செஞ்சாங்கல்ல, நம்ம பீரோவுல வைக்கிற ரோபோவுக்கு அதுல பத்துல ஒரு பங்கு அக்கறை காட்டினா போதும்.

சார்ஜ் போடறதைப் பத்தியும் சொல்லிடறேன், இது உயிர் விஷயம். லிப்போ பேக்ல ரெண்டு வயர் கூட்டம் வரும், ஒண்ணு தடியானது, இன்னொண்ணு மெல்லிசா வெள்ளை கனெக்டரோட, மூணு செல்லுக்கு நாலு வயர், அதுதான் பேலன்ஸ் வயர். அதை மாட்டாம தடி வயர்ல மட்டும் சார்ஜ் போட்டா மொத்தம் 12.6 சரியா வரும், ஆனா ஒரு செல் 4.3லயும் இன்னொண்ணு 4.0லயும் இருக்கலாம், அந்த 4.3 செல்தான் உப்பும். சார்ஜ் கரண்ட்டை பேட்டரி அளவுக்கு மேல வெக்காதீங்க, 2200 பேக்னா 2.2 ஆம்பியர், அதுக்கும் கீழ வெச்சா இன்னும் நல்லது. மெத்தை மேல, மர மேஜை மேல, பேப்பர் கட்டு பக்கத்துல போடாதீங்க, சிமெண்ட் தரையில டைல்ஸ் மேல வெச்சுப் போடுங்க, பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கட்டும், ஆள் கூடவே இருக்கணும். ராத்திரி போட்டுட்டுத் தூங்கறது கூடவே கூடாது. உப்பின பேக்கை அமுக்கிப் பார்க்கறது, ஊசி குத்திக் காத்தை எடுக்கறது, இதெல்லாம் நெஜமாவே பசங்க செய்யறாங்க, ஹாஸ்டல் ரூம்ல செய்யறாங்க, பெத்தவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா உங்க பையன்கிட்ட பொண்ணுகிட்ட இன்னிக்கே பேசுங்க.

செல் வாங்கறப்பவும் கவனம் வேணும். 18650ன்னு ஒரு உருளை செல் இருக்கு, மேல 9900 மில்லி ஆம்பியர் ஹவர்னு அடிச்சு ரொம்ப மலிவா விக்கிறாங்க. நல்ல கம்பெனி செல்லே 3500 சுத்திதான் வரும். 9900ன்னு போட்டிருந்தாலே வாங்காதீங்க, அவ்ளோதான்.

பேட்டரி குறைஞ்சா தானே போய் சார்ஜ் போட்டுக்கற ரோபோவை நம்ம காலத்துப் புதுமைன்னு நினைக்கறோம். 1948, 49லயே இங்கிலாந்துல பிரிஸ்டல்ல கிரே வால்ட்டர்னு ஒரு மூளை ஆராய்ச்சியாளர் எல்மர், எல்சின்னு ரெண்டு ரோபோ செஞ்சாரு, மூணு சக்கரம், மேல ஆமை ஓடு மாதிரி ஒரு மூடி, உள்ள பழைய ரேடியோவுல வர்ற மாதிரி ரெண்டே ரெண்டு வால்வு. வெளிச்சத்தைத் தேடிப் போகும், பேட்டரி இறங்கினா விளக்கு எரியற கூண்டுக்குள்ள போய் சார்ஜ் ஏத்திக்கும். டிரான்சிஸ்டர்ல எதுவும் செய்யாத அந்தக் காலத்துலயே அந்த மனுஷன் பேட்டரியைப் பார்த்துக்கறதை ரோபோவோட நடத்தையாவே வெச்சாரு, அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படுது. உங்க ரோபோவுல தானா போற அளவுக்கு இல்லாட்டியும் ஒரு வோல்டேஜ் பஸ்ஸராவது மாட்டுங்க, பேலன்ஸ் கனெக்டர்ல சொருகற குட்டிப் பொருள், விலையும் ஜாஸ்தி இல்ல, செல் 3.5 ஆனா காதைப் பிளக்கற மாதிரி கத்தும். ஓட்டி முடிச்சதும் அதையும் கழட்டிடணும், அதுவும் பேட்டரியில இருந்துதான் குடிக்குது.

இப்ப சக்கரத்துக்கு வருவோம்.

"சார், நேராப் போகச் சொன்னா லெஃப்ட்லயே இழுக்குது சார்." லேப்ல நான் ஜாஸ்தி கேக்கற வாக்கியம் இதுதான். கேட்டதுமே பசங்க லேப்டாப்பைத் திறந்து ப்ரோக்ராம்ல நம்பரை மாத்த ஆரம்பிப்பாங்க. நான் ரோபோவைத் தலைகீழா கவுத்துப் போடச் சொல்லுவேன். சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவுல அந்தச் சின்ன தண்டு இருக்கே, அதைப் பாருங்க, தையல் மிஷின் பாபின்ல நூல் சுத்தின மாதிரி தலைமுடி இறுக்கமா சுத்தியிருக்கும். தரையில கிடக்கற ஒவ்வொரு முடியும், துப்பட்டா நூலும், சாக்பீஸ் தூளும் அங்கதான் போய்ச் சேருது, உள்ள கியர்பாக்ஸ் வாய் வரைக்கும் போகும். சக்கரத்தை இழுத்துக் கழட்டி, ஒரு ட்வீசரும் தையல் பிரிக்கற ஊசியும் வெச்சு அறுத்து எடுக்கணும், கத்தரிக்கோலைத் திணிக்காதீங்க, தண்டுல கீறல் விழும். காஸ்டர்ல இருக்கற உருண்டையையும் வெளிய எடுத்துப் பாருங்க, உள்ள கறுப்பா மாவு மாதிரி அழுக்கு அடைச்சிருக்கும், உருள வேண்டியது தேய்ச்சிக்கிட்டு வரும். எண்ணெய் விடலாமான்னு கேப்பாங்க, வேண்டவே வேண்டாம், எண்ணெய் இருந்தா தூசி இன்னும் ஒட்டும், ரப்பர் டயரும் வழுக்கும். முடியை எடுத்ததும் பாதி ரோபோ நேரா ஓட ஆரம்பிச்சிடும், ப்ரோக்ராம்ல ஒரு வரி மாத்தத் தேவை இருக்காது.

மீதிப் பாதிக்கு இன்னும் கொஞ்சம் உள்ள போகணும். சக்கரத்தைத் தண்டோட பிடிச்சிருக்கற குட்டி ஸ்க்ரூ, கிரப் ஸ்க்ரூன்னு சொல்லுவோம், அது அதிர்வுல தளரும், மோட்டார் சுத்தும் சக்கரம் வழுக்கும். அதுல நீல கலர் திரெட் லாக் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்க, ஃபெவிக்விக் போட்டுடாதீங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் கழட்ட முடியாது. மஞ்சள் கலர்ல வர்ற பிஓ மோட்டார்ல கியர் பல்லு பிளாஸ்டிக், ரோபோ சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கறப்ப மோட்டாரைச் சுத்த விட்டுக்கிட்டே இருந்தா பல்லு போயிடும், இல்லாட்டி மோட்டார் கரண்ட் எக்கச்சக்கமா ஏறி, மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கற டிரைவர் போர்டு சூடாகிக் கருகும். முட்டினா ரெண்டு செகண்ட்ல நிக்கற மாதிரி ப்ரோக்ராம்லயே எழுதி வெச்சிடுங்க.

மோட்டார் கெடறதுக்கு முன்னாடியே அது நமக்குச் சொல்லும், கரண்ட் மூலமா சொல்லும். இதை எனக்கு நல்லா புரிய வெச்சது செவ்வாய் கிரகத்து ரோவர்தான். நாசாவோட ஸ்பிரிட் 2004 ஜனவரில இறங்குச்சு, அதே வருஷம் நடுவுல அதோட வலது முன் சக்கரம் மத்த அஞ்சு சக்கரத்தை விட ஜாஸ்தி கரண்ட் இழுக்குதுன்னு இங்க பூமில இருக்கறவங்க கண்டுபிடிச்சாங்க. தொட முடியாது, பார்க்க முடியாது, வர்ற நம்பர் மட்டும்தான் கையில இருக்கு. உள்ள இருக்கற லூப்ரிகண்ட் பரவட்டும்னு சூடு பண்ணி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாங்க, அப்புறம் அந்தச் சக்கரத்துக்கு ஓய்வு குடுக்கறதுக்காக வண்டியைப் பின்பக்கமாவே ஓட்டி, அதைத் தேவைப்பட்டா மட்டும் சுத்த விட்டாங்க. 2006 மார்ச் வரைக்கும் தாங்குச்சு, அப்புறம் சுத்தமா நின்னுடுச்சு, நின்ன சக்கரத்தை இழுத்துக்கிட்டே இன்னும் வருஷக்கணக்குல ஓட்டினாங்க, அது மண்ணைக் கீறிக்கிட்டுப் போன இடத்துல வெளிய வந்த வெள்ளை மண்ணுல சிலிக்கா நிறைஞ்சிருந்ததை 2007ல கண்டுபிடிச்சு, அங்க ஒரு காலத்துல தண்ணியோட வேலை நடந்திருக்குன்னு சொன்னாங்க. கூடப் பொறந்த ஆப்பர்சூனிட்டி 90 நாளைக்குன்னு போய் 2018 ஜூன் வரைக்கும் பேசிக்கிட்டு இருந்துச்சு, 45 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஒரு ஆளு பக்கத்துல போய் ஒரு ஸ்க்ரூ கூட முடுக்காம.

நம்மகிட்ட ரோபோ கைக்கெட்டற தூரத்துல இருக்கு. ஒரு டப்பா மேல வெச்சு சக்கரம் ரெண்டும் காத்துல தொங்கற மாதிரி பண்ணி, ஒவ்வொரு மோட்டாரா தனித்தனியா ஓட்டி மல்டிமீட்டர்ல கரண்ட் பாருங்க. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரணும். ஒரு பக்கம் கூடியிருந்தா அங்க ஏதோ உரசுது, முடியோ பேரிங்கோ கியரோ. போன மாசம் பார்த்ததை விட ரெண்டுமே கூடியிருந்தா ரெண்டுக்கும் சர்வீஸ் தேவைன்னு அர்த்தம். இதுக்கு ஆகறது அஞ்சு நிமிஷம்.

அப்புறம் தேய்மானம். சாதாரணமா வர்ற சக்கரம் 65 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுத்துக்கு 204 மில்லிமீட்டர் போகும். ஒரு பக்கத்து டயர் மட்டும் 1 மில்லிமீட்டர் தேஞ்சு 64 ஆச்சுன்னா சுத்துக்கு 201தான், மூணு மில்லிமீட்டர்தானேன்னு விட்டா, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 15 சென்டிமீட்டர் இருக்கற ரோபோ 10 மீட்டர் போறதுக்குள்ள கிட்டத்தட்ட 59 டிகிரி திரும்பிடும். நேரா கதவுக்குப் போக வேண்டியது ஜன்னல் பக்கம் போய் நிக்கும். அதனால டயர் மாத்தினா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, ஒண்ணு நல்லாத்தானே இருக்குன்னு மிச்சம் பிடிக்காதீங்க. இதைச் சோதிக்க மிச்சிகன் யுனிவர்சிட்டில போரன்ஸ்டைன், ஃபெங்னு ரெண்டு பேர் 1990கள்ல ஒரு அழகான வழி சொன்னாங்க, தரையில 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரம், அதுல ரோபோவை வலப்பக்கமா அஞ்சு சுத்து, இடப்பக்கமா அஞ்சு சுத்து விடணும், ஒவ்வொரு தடவையும் கிளம்பின இடத்துலேர்ந்து எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு அளக்கணும். ரெண்டு பக்கத்துலயும் மூலையில ஒரே மாதிரி கூடுதலா திரும்பினா, இல்ல ஒரே மாதிரி குறைவா திரும்பினா, சக்கர இடைவெளின்னு நாம குடுத்த அளவு தப்பு. ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைஞ்சா ரெண்டு சக்கரமும் ஒரே சைஸ் இல்ல. பெரிய இடம் இல்லாட்டி சின்னதா ஒரு சதுரம் சாக்பீஸ்ல போட்டாலே போதும், எங்க லேப் வராந்தாவுல அந்தக் கோடு எப்பவும் இருக்கும், அழிஞ்சா யாராவது மறுபடி போட்டுடுவாங்க.

போர்டு பக்கம் ரெண்டே விஷயம் சொல்றேன். ராஸ்பெர்ரி பைன்னு வர்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு வெச்ச ரோபோன்னா ஷட்டவுன் குடுக்காம பேட்டரியைப் பிடுங்காதீங்க, எஸ்டி கார்டுல எழுதிக்கிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா மொத்தமா கரப்ட் ஆகிடும், ஒரு காப்பி எடுத்துத் தனியா வைங்க. அடுத்தது, மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப போர்டு ரீஸ்டார்ட் ஆகுதுன்னா ப்ரோக்ராம்ல தேடாதீங்க, வோல்டேஜ் இறங்குது. ராஸ்பெர்ரி பைக்கு 5 வோல்ட் வேணும், 4.63க்குக் கீழ போனா ஸ்க்ரீன்ல மின்னல் படம் காட்டும், அது பேட்டரி பலவீனமாகறதோட அறிகுறி, இல்லாட்டி எங்கயோ கனெக்டர் லூஸ். கனெக்டரைத் தொட்டுப் பாருங்க, ஓடினதும் ஒரு கனெக்டர் மட்டும் சூடா இருந்தா ஆளு அதுதான், மறுபடி சால்டர் பண்ணி, சூடு காட்டினா சுருங்கி இறுக்கற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க.

சென்சார் கண்ணாடியை சட்டை நுனியில துடைக்காதீங்க, மூக்குக்கண்ணாடி துடைக்கற மெல்லிய துணியில துடைங்க. வீட்டு வேக்யூம் ரோபோவுக்கு அடியில, ஓரமா, படியிலேர்ந்து விழாம இருக்க சில சென்சார் இருக்கும், அதுல தூசி படிஞ்சா முன்னாடி பள்ளம் இருக்குன்னு நினைச்சிக்கிட்டு பின்னாடியே போயிட்டு இருக்கும், நிறைய பேர் ரிப்பேர்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போறாங்க, துடைச்சாலே சரியாகும். சார்ஜ் ஏறல்லைன்னா அடியில இருக்கற ரெண்டு தகட்டையும், அது போய் சார்ஜ் ஏத்திக்கற டாக்ல இருக்கற தகட்டையும் துடைச்சுப் பாருங்க. ஆயுத பூஜைக்கு எல்லா ரோபோவுக்கும் பொட்டு வெக்கிறோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச நாள் அது, வருஷத்துல ஒரு நாளாவது எல்லா ரோபோவையும் வெளிய எடுத்துத் துடைச்சு வரிசையா வெக்கிறோம்ல. சந்தனம் குங்குமம் மேல் தட்டுல வைங்க, தூரம் அளக்கற லிடார் சென்சார் மேலயும் கேமரா மேலயும் வேண்டாம், தண்ணி தெளிக்கறப்ப பேட்டரியைக் கழட்டி வெச்சிடுங்க.

மழைக்காலத்துல பீரோவுக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க, கடற்கரை ஊர்கள்ல கண்டிப்பா போடணும், உப்புக் காத்துல கனெக்டர் முனை பச்சை பூத்துடும். எலி வயரைக் கடிக்கும், லேப்ல உக்காந்து சாப்பிட விடாதீங்க.

இவ்ளோவும் ஞாபகம் வெச்சுக்க முடியாது, அதனால ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு நோட்டு கட்டித் தொங்க விடுங்க. தேதி, ஓட்டறதுக்கு முன்னாடி வோல்ட், ஓட்டினப்புறம் வோல்ட், எவ்ளோ நேரம் ஓடுச்சு, என்ன கோளாறு, யார் ஓட்டினது. முன்னாடி ஒரு மணி நேரம் ஓடினது இப்ப முப்பத்தஞ்சு நிமிஷத்துல நிக்குதுன்னு நோட்டுதான் சொல்லும், நம்ம மனசு சொல்லாது.

நான் ரொம்ப ஆதங்கப்படற ஒரு விஷயத்தையும் சொல்லிடறேன். 2016லேர்ந்து பள்ளிக்கூடங்கள்ல அடல் டிங்கரிங் லேப்னு வந்துச்சு, ஒரு ஸ்கூலுக்கு 20 லட்சம் வரைக்கும் அரசாங்கம் குடுக்குது, ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ பசங்க கையால தொட்டுக் கத்துக்கணும்னுதான் குடுக்குது. நல்லா நடத்தற ஸ்கூல் நிறைய இருக்கு. ஆனா சில இடத்துல பசங்க உடைச்சிடுவாங்கன்னு பயந்து ரோபோ கிட் பெட்டியைப் பிரிக்காம பூட்டியே வெச்சிருக்காங்க. டீச்சர்ஸ் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா ஒரு வேண்டுகோள், பூட்டி வெச்சாலும் அது கெட்டுத்தான் போகுது, பசங்க ஓட்டி உடைச்சா ஒரு கியர் மாத்தினா போச்சு, அதுல ஒரு பாடமும் இருக்கு. நாளைக்கே பீரோவைத் திறங்க. முதல்ல பேட்டரியைப் பாருங்க, உப்பியிருக்கா, இனிப்பு மாதிரி ஒரு கெமிக்கல் வாசனை வருதா, வந்தா கையில பிடிச்சிக்கிட்டு நிக்காதீங்க, திறந்த வெளியில மணல்ல வைங்க. உப்பல்லைன்னா மல்டிமீட்டர்ல ஒவ்வொரு செல்லையும் பாருங்க, 3க்கு மேல இருந்தா பக்கத்துல உக்காந்து கம்மி கரண்ட்ல சார்ஜ் போடலாம், கீழ இருந்தா அதை விட்டுடுங்க, புது பேட்டரி வாங்குங்க. லெட் ஆசிட்டா இருந்தா முழுசா சார்ஜ் போட்டுட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க, நிக்கல்லைன்னா அதுவும் போச்சு.

செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில போடாதீங்க. குப்பை லாரில அமுக்கறப்ப லித்தியம் செல் நசுங்கித் தீப்பிடிக்கும், அங்க நிக்கறவங்க துப்புரவுப் பணியாளர்கள். 2022ல மத்திய அரசு பேட்டரிக் கழிவு விதிகள் கொண்டு வந்திருக்கு, பழைய பேட்டரியைச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்பற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கு, அதனால கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. முனைகள்ல இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொண்ணையும் தனித்தனிக் கவர்ல போட்டு, பதிவு பெற்ற இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்டயோ, வாங்கின கடையிலயோ குடுங்க. லெட் ஆசிட்டை நல்ல விலைக்கே எடுத்துப்பாங்க, ஈயம் அப்படியே திரும்ப உருக்கறதுக்குப் போகும்.

கேட்டுக்கிட்டு இருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.